ஏற்காடு வரை வந்த கிட்டார் நோட்டேஷன்

ஏற்காட்டில் கிளாசிக்கல் கிட்டார் பழகுபவருக்கு அச்சு நோட்டேஷன் வேண்டுமென்றால், முன்பெல்லாம் மலையிறங்கி, சென்னையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற கடைகளைத் தேட வேண்டும். வாங்கி வந்தாலும் சேர்வராயன் மலையின் மழைக்கால ஈரத்தில் தாள் நமுத்துவிடும்!

இப்போது கைபேசியே போதும். ஸ்வீடன்காரர் கார்ல் ஆஸ்கர் போயே வாழ்நாளெல்லாம் கிட்டார் பிரதிகளைச் சேர்த்தவர். 1923இல் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பை ஸ்டாக்ஹோம் இசை நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது.

2006இல் எட்வர்ட் குவோ என்ற மாணவர் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி என்ற இணையதளம் இன்னும் பெரிய நோட்டேஷன் களஞ்சியம். வியன்னா பதிப்பகம் ஒன்றின் வக்கீல் நோட்டீஸால் 2007 அக்டோபரில் மூடப்பட்டு, 2008 ஜூனில் திரும்ப வந்தது. தகராறு காப்புரிமைக் காலம் பற்றியது. அது நாட்டுக்கு நாடு மாறும்.

இந்தியாவில் படைப்பாளி இறந்து 60 ஆண்டு, ஐரோப்பாவில் 70. பிரேசிலின் வில்லா-லோபோஸ் இறந்தது 1959இல். அவருடைய ஐந்து கிட்டார் பிரெலூடுகள் இங்கே 2020இலேயே பொதுச்சொத்து. பாரிஸ்காரர் 2030 வரை பொறுக்க வேண்டும். நமக்கு யோகம்தான்.

ஆனால் 1909இல் மறைந்த கிட்டார் இசையமைப்பாளர் டாரெகாவின் இசைக்கே இன்றைய ஒருவர் விரல் எண்கள் போட்டுப் புதிதாகப் பதிப்பித்திருந்தால், அந்தப் பதிப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். நண்பருக்கு அனுப்புமுன் பதிப்பாண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.