விடுபட்ட விலை

நுழையும்முன்

கடையில் பொருளைப் பெற்றுக்கொண்டோம். ஆனால், கடைக்காரர் அதன் விலையை வாங்கத் தவறிவிட்டார். அப்பொருள் நமக்கு இலவசமாகிவிடுமா? சட்டம் கூறும் விடையை இப்பாடத்தின் வழி அறிவோம்.

மலையூரின் கடைத்தெரு

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலைமீது அமைந்துள்ளது தேவிகுளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அப்போது முதல் தமிழ்நாட்டிலிருந்து பல குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. தோட்டத் தொழிலாளர்க்கு ஊதியம் மாதத்தில் ஒரு நாள். அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். ஆகவே, கடையில் அரிசியும் பருப்பும் பற்றுக்கு வாங்கி, ஊதிய நாளில் கணக்குத் தீர்ப்பது வழக்கமாயிற்று. கடைக்காரரின் பற்றுக் குறிப்பேடு நம்பிக்கையின் ஏடாக விளங்கியது.

இத்தகைய கடை ஒன்றில் ஊதிய நாளன்று கூட்டம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவி அரிசி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றையும் வாங்கி வருகிறாள். வீட்டில் விலைச்சீட்டைப் பார்த்தபோது, எண்ணெயின் விலை அதில் சேர்க்கப்படவில்லை எனத் தெரிகிறது. “கடைக்காரர் செய்த பிழைதானே! நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று தம்பி வினவுகிறான். அவ்வினாவுக்குரிய விடையைக் காண்போம்.

சட்டம் கூறும் கடமை

விலைக்கு ஈடாகப் பொருளின் உரிமையை மாற்றித் தருவதே விற்பனை என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். பொருளை ஒப்படைப்பது விற்பவரின் கடமை. அதனை ஏற்று விலை கொடுப்பது வாங்குபவரின் கடமை. வேறு உடன்பாடு இல்லையெனில், இவ்விரண்டும் ஒரே வேளையில் நிகழ வேண்டும். விலை பெறுவதற்குமுன் பொருள் கைமாறிவிட்டதாலேயே விலை கொடுக்கும் கடமை நீங்கிவிடாது.

தவறுதலாகக் கொடுக்கப்பட்டதைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. பிழையால் ஒருவரிடம் பணம் செலுத்தப்பட்டாலோ, பொருள் ஒப்படைக்கப்பட்டாலோ, அவர் அதனைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. எனவே, எண்ணெய் வேண்டுமெனில் விலையைக் கொடுக்க வேண்டும். வேண்டாமெனில் எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்விதி இருபுறமும் செல்லும். கடைக்காரர் மறதியால் கூடுதலாகப் பணம் பெற்றிருந்தால், அவரும் மிகுதியைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவரே.

கடைக்காரர் மனமுவந்து விலையைக் குறைப்பது வேறு. கவனக்குறைவால் விலை விடுபடுவது வேறு. முன்னது தள்ளுபடி, பின்னது நிலுவை.

மறதியும் குற்றமும்

விலை கொடுக்க மறந்தவர் திருடர் ஆவாரா? ஆகார். நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் அது திருட்டாகும். ஆயினும், பிறருடைய பொருள் தவறுதலாகத் தம்மிடம் வந்துள்ளது என்று அறிந்த பின்னும், அதனை நேர்மையின்றித் தமதாக்கிக் கொள்வது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அறியாமல் எடுத்து வந்த நேரம் அன்று, அறிந்த பின் நாம் என்ன செய்கிறோம் என்பதே நம்மைக் காட்டுகிறது.

கடைக்காரரின் எல்லைகள்

விடுபட்ட விலையைக் கேட்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால், அவர் உரிய தொகையை மட்டுமே கேட்கலாம். வாடிக்கையாளரை அடைத்து வைக்கவோ, அவருடைய வேறு பொருளைப் பறிக்கவோ உரிமை இல்லை. கேட்டும் கொடுக்காதவர்மீது உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற பொருளின் விலைக்காக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். தவணை குறித்துக் கொடுத்த பற்றாயின், தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கணக்கிடப்படும். வாங்கியவர் அக்காலத்திற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள் தொடங்கும்.

பொருளுக்கு உரிய விலைச்சீட்டு கொடுக்காமல் இருப்பதை, நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சீட்டு இருந்தால், விடுபட்டது எது, கூடியது எது என்பது இருவருக்கும் தெளிவாகும்.

கைப்பேசி வழிக் கட்டணம்

இன்று மலையூர்க் கடைகளிலும் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துகிறோம். மூடுபனியும் மழையும் மிகுந்த வேளையில் அலைவரிசை தடைபடலாம். பணம் போய்ச் சேரவில்லையெனில் விலை நிலுவையிலேயே இருக்கிறது. நம் கணக்கில் தொகை கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால், ஐந்து நாள்களுக்குள் அத்தொகை நம் கணக்கிற்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இது 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அவ்வாறு தொகை திரும்பியதும், அதனை மறவாமல் கடைக்காரரிடம் சேர்ப்பது நம் கடமை.

சிறுவர்க்கு விலக்கு உண்டா?

பதினெட்டு வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி பெறாதவர். ஆயினும், உணவு, உடை போன்ற இன்றியமையாப் பொருள்களைச் சிறுவருக்கு வழங்கியவர், அவருடைய சொத்திலிருந்து விலையைப் பெறலாம் என ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆம் பிரிவு கூறுகிறது. நம் மாணவியோ பெற்றோருக்காகவே எண்ணெய் வாங்கினாள். எனவே, விலை கொடுக்கும் பொறுப்பு பெற்றோரைச் சாரும்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகிறது. அவ்வறம் விற்பவருக்கு மட்டும் உரியதன்று, வாங்குபவருக்கும் உரியது. நாள் இறுதியில் கல்லாவில் குறையும் தொகைக்குச் சில கடைகளில் ஊழியரே பொறுப்பேற்க நேரிடும். நாம் திருப்பிக் கொடுக்கும் சிறு தொகை, ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவாக இருக்கலாம்.

சொல்லும் பொருளும்

பற்று – கடனாகப் பெற்றது
நிலுவை – செலுத்தப்படாமல் நிற்கும் தொகை
தவணை – செலுத்தக் குறித்த காலம்
கல்லா – கடையில் பணம் வைக்கும் பெட்டி

சிந்தித்து விடையளிக்க

1. தள்ளுபடிக்கும் நிலுவைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு கடைக்காரரையும் கட்டுப்படுத்துவது எங்ஙனம்?
3. தம்பியின் வினாவுக்கு நீங்கள் கூறும் விடையை ஐந்து தொடர்களில் எழுதுக.