படையைக் கேட்பவர் யார்?

சென்ற ஆண்டு ஒரு நாள் எம் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், படைவீரர் உடையில், தம் ஆசிரியர்களைக் காண வந்திருந்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "அண்ணா, உங்களுக்குக் கட்டளை இடுபவர் யார்?" என்று கேட்டாள். "என் மேலதிகாரி" என்றார் அவர். "அவருக்கு?" "தளபதி." "தளபதிக்கு?" "அமைச்சர்." "அமைச்சர் தவறு செய்தால் அவரை யார் கேட்பது?"

வீரர் சிரித்தவாறே என்னைப் பார்த்தார். நான் "நாடாளுமன்றம்" என்று ஒரே சொல்லில் விடை கூறிப் பிள்ளைகளை வகுப்பிற்கு அனுப்பிவிட்டேன். ஒரே சொல்லில் விடை கூறும் ஆசிரியர் பல வேளைகளில் அவ்விடையைத் தாமே முற்றும் அறியாதவராய் இருப்பார். அன்று யானும் அந்நிலையிலேயே இருந்தேன். நாடாளுமன்றம் படையை எவ்வாறு கேட்கிறது? பின்னர்த் தேடிப் படித்தறிந்ததை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்டுக்குப் படை வேண்டும் என்பதில் ஐயமில்லை. வள்ளுவரும் அரசின் உறுப்புகள் ஆறனைச் சொல்லப் புகுந்தபோது படையையே முதற்கண் வைத்தார். ஆயினும் காவலுக்காகக் கொடுத்த கருவி காக்கப்பட வேண்டியவர் மீதே திரும்புமாயின் என் செய்வது? கருவி ஏந்தியவரைக் கருவி ஏந்தாதவர் கட்டுப்படுத்துவது எங்ஙனம்? மக்களாட்சியின் கடினமான வினாக்களுள் இஃது ஒன்று. இதற்குத் தெளிவாக விடை எழுதி வைத்துள்ள நாடுகளுள் ஜெர்மனி குறிப்பிடத்தக்கது. அந்நாடு பட்டறிந்து எழுதிய விடை அது.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் குடியரசு தோன்றியது. ஆனால் அதன் படை, குடியரசுக்கு மனம் ஒப்பி அடங்கியதாக இல்லை. "அரசுக்குள் ஓர் அரசு" என்றே வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். 1934 ஆகஸ்டு 2ஆம் நாள் முதல் வீரர்கள் அரசியலமைப்பின் பெயரால் அன்றி, இட்லர் என்னும் தனி மனிதரின் பெயரைச் சொல்லியே உறுதிமொழி எடுத்தனர். அதன் விளைவை உலகம் அறியும். ஜப்பானியர் காலத்தில் மரண இரயில் பாதையில் உற்றாரை இழந்த நம் தோட்டத்து மக்களுக்குக் கட்டுக்கடங்காத படை எத்தகையது என்று எடுத்துரைக்கவும் வேண்டுமோ!

1949இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் எழுதப்பட்டபோது அந்நாட்டுக்குப் படையே இல்லை. 1955இல் அது நேட்டோ கூட்டணியில் சேர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் புதிய படையைத் தொடங்கியது. 'புண்டெஸ்வேர்' என்பது அப்படையின் பெயர். படை பிறந்த சில திங்களுக்குள், 1956 மார்ச்சில், அதனைக் கட்டுக்குள் வைக்கும் விதிகள் அடிப்படைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. எதிர்க்கட்சியாய் இருந்த சமூக மக்களாட்சிக் கட்சியும் இதற்கு உடன்பட்டது. கன்று வளரும் முன்னரே கட்டுத்தறியை நட்டுவிட்டனர் எனலாம்.

அவ்விதிகளுள் தலையாயது 45அ பிரிவு. ஜெர்மானிய நாடாளுமன்றமாகிய புண்டெஸ்டாக் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தே ஆகவேண்டும் என்பது அதன் ஆணை. மற்றக் குழுக்கள் பலவற்றை மன்றம் விரும்பினால் வைக்கலாம், விரும்பாவிடில் நீக்கலாம். பாதுகாப்புக் குழுவை அவ்வாறு நீக்க இயலாது.

இக்குழு செய்வது என்ன? முதலில் அது செய்யாததைத் தெரிந்துகொள்வோம். குழு படைக்குக் கட்டளை இடுவதில்லை. அமைதிக் காலத்தில் கட்டளையிடும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சருடையது. போர்க் காலத்தில் அது தலைமை அமைச்சரைச் சேரும். கட்டளை இடுதல் வேறு, மேற்பார்வை வேறு. தலைமையாசிரியர் பள்ளியை நடத்துகிறார். கண்காணிப்பாளர் வந்து ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார். கண்காணிப்பாளரே வகுப்பில் நின்று பாடம் நடத்தத் தொடங்கினால், பிழை நேரும்போது கேட்பதற்கு ஆள் இராது.

குழுவின் கருவிகள் மூன்று எனக் கொள்ளலாம்.

முதலாவது, கேட்டல். அமைச்சர் நேரில் வந்து விடை கூற வேண்டும் எனக் குழு கோரலாம். அவர் மறுத்தல் இயலாது. படையின் மறைபொருள்கள் பேசப்படுவதால் குழுவின் கூட்டங்கள் பொதுவாக மூடிய கதவுக்குள் நடைபெறும்.

இரண்டாவது, பணம். படையின் எண்ணிக்கையும் அமைப்பும் வரவு செலவுத் திட்டத்தில் காட்டப்பட வேண்டும் என்பது அடிப்படைச் சட்டத்தின் விதி. அதற்கு மேலும், 2 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு மிகுந்த கொள்முதல் ஒவ்வொன்றும் மன்றத்தின் வரவு செலவுக் குழுவுக்கு முன் தனியே வைக்கப்பட்டு ஒப்புதல் பெறுதல் வழக்கம். பாதுகாப்புக் குழுவும் அதனை ஆராயும்.

மூன்றாவது, விசாரணை. பாதுகாப்புக் குழு தானே விசாரணைக் குழுவாக மாறிச் சாட்சிகளை அழைக்கலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யலாம். குழு உறுப்பினருள் நான்கில் ஒரு பங்கினர் கோரினால், விசாரணை நடத்தியே தீரவேண்டும். இந்த 'நான்கில் ஒன்று' என்னும் விதியே முறை முழுமைக்கும் உயிர்நாடி. ஏனெனில், எந்தக் குழுவிலும் ஆளுங்கட்சியினரே பெரும்பான்மையர். தம் கட்சி அமைச்சரை விசாரிக்க அவர்கள் எளிதில் முன்வருவரோ? ஆகவே கேட்கும் உரிமையைச் சிறுபான்மையிடம் கொடுத்தனர்.

இதற்கும் ஒரு சோதனை வந்தது. 2013ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் இரு பெருங்கட்சிகள் கூட்டுச் சேர்ந்தன. 631 இடங்களுள் 504 அவர்களுடையவை. எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்தும் நான்கில் ஒரு பங்கு தேறவில்லை. அதனால் 2014இல் மன்றம் தன் நடைமுறை விதிகளை அப்பருவத்துக்கு மட்டும் தளர்த்தி, எதிர்க்கட்சியினர் விசாரணை கோரும் உரிமையை இழவாதபடி செய்தது. தம்மைக் கேட்பாரைத் தாமே காத்த ஆளுங்கட்சியின் செயல் பாராட்டுக்குரியதன்றோ!

குழுவோடு சேர்த்து அறியவேண்டியது மன்றத்தின் படைக்குறை ஆணையர் பதவி. சுவீடன் நாட்டைப் பார்த்து அமைத்த இதனை 45ஆ பிரிவு கூறுகிறது. எளிய சிப்பாயும் தன் மேலதிகாரிகளைத் தாண்டி இவருக்கு நேராக முறையீடு எழுதலாம். அதற்காக அவனுக்குத் தீங்கு செய்தல் கூடாது. ஆனால் பெயரில்லா மொட்டைக் கடிதம் ஏற்கப்படாது. ஆணையர் எந்தப் படைமுகாமுக்கும் முன்னறிவிப்பின்றிச் செல்லலாம். ஆண்டுதோறும் மன்றத்துக்கு அறிக்கை தருவார். 1959இல் முதல் ஆணையர் பொறுப்பேற்றார்; 1995இல் முதன்முறையாக ஒரு பெண்மணி அப்பதவியில் அமர்ந்தார்.

இவையெல்லாம் ஏட்டளவில் நன்று; செயலில் எப்படி? 2009 செப்டம்பர் 4ஆம் நாள், ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் அருகே தாலிபான் கைப்பற்றிய இரண்டு எரிபொருள் வண்டிகள் மீது குண்டு வீசுமாறு ஜெர்மானியப் படைத்தலைவர் ஒருவர் கட்டளையிட்டார். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. பொதுமக்களும் மாண்டனர். அமைச்சகம் முதலில் வேறுவிதமாகப் பேசியது. உண்மை மெல்ல மெல்ல வெளிவந்தபோது, நவம்பரில் படைத் தலைமைத் தளபதியும் அமைச்சகச் செயலர் ஒருவரும் பதவி இழந்தனர். நிகழ்ச்சியின்போது பாதுகாப்பு அமைச்சராய் இருந்தவர், அப்போது தாம் வகித்த வேறோர் அமைச்சுப் பதவியைத் துறந்தார். டிசம்பரில் பாதுகாப்புக் குழு விசாரணைக் குழுவாக மாறியது. 2011இல் அறிக்கை வந்தபோது ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மாண்டவரை எந்த அறிக்கையும் மீட்டுத் தராது. எனினும், இரவில் தொலைவில் நடந்த ஒரு செயலுக்கு, பகலில் மக்கள் பேராளர் முன் விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்த அளவே குழுவின் பயன். அது சிறிய பயன் அன்று.

2013இலும் அக்குழு இவ்வாறே மாறியது. 'யூரோ ஆக்' என்னும் ஆளில்லா விமானத் திட்டத்துக்குப் பெரும்பொருள் செலவான பின், ஐரோப்பிய வானில் பறக்க அதற்குச் சான்று பெறுவது அரிது எனக் கண்டு திட்டத்தைக் கைவிட்டனர். 'இதனை முன்னரே அறிந்தவர் யார்? அறிந்தும் வாளாவிருந்தவர் யார்?' என்பனவே அன்றைய கேள்விகள்.

நம் மலேசியாவிலும் இத்தகைய கேள்வி எழாமல் இல்லை. கரையோரப் போர்க்கப்பல்கள் ஆறனைக் கட்டும் திட்டத்தில் 600 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கப்பட்டும் ஒரு கப்பலும் கட்டி முடிக்கப்படவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை நாட்டுக்கு அறிவித்தது. அஃது அரசாங்கப் பணம் மட்டுமன்று. கடையில் சீனி வாங்கும் நம் தோட்டத் தொழிலாளியின் காசும் அதில் உண்டு.

இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அவர் காலத்தில் இடித்துரைப்பவர் சான்றோர். இக்காலத்தில் அப்பணி நாடாளுமன்றக் குழுவுடையது. படையை இழிவு செய்வதற்காக அன்று. நேர்மையாகப் பணிபுரியும் வீரனுக்குத் தவறான கட்டளையும், பழுதான கருவியும் வந்து சேராமல் காப்பதற்காகவே அது கேள்வி கேட்கிறது. மேற்பார்வை வீரனுக்கும் அரண் என்பதை நாம் மறத்தலாகாது.

மறுவாரம் அம்மாணவியை அழைத்து, குழு என்பது யாது, அது கேட்பது எவ்வாறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட அவள், "ஐயா, குழு கேட்காமல் விட்டுவிட்டால்?" என்றாள். "அப்போது நீ கேட்க வேண்டும் அம்மா, குழுவில் இருப்பவரை அனுப்புவது உன் வாக்கு" என்றேன். இம்முறை என் விடை ஒரே சொல்லில் முடியவில்லை.