4,000 ரூபாய்க்குப் பழைய டிஜிட்டல் கேமரா... வாங்கலாமா, வேண்டாமா?

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் படம் பிடிக்க வேண்டும். அதுவும் போனில் அல்ல... 2003, 2004 வாக்கில் வந்த ஒரு டிஜிட்டல் கேமராவில்! ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி மாணவிக்கு இப்படி ஓர் ஆசை என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 5,000 ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பஸ் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால், கேமரா அந்த விலைக்குப் பெறுமா?

அன்றைய விலையை மறந்துவிடுங்கள்

"அந்தக் காலத்திலேயே எவ்வளவு கொடுத்து வாங்கினேன் தெரியுமா?" என்பார் விற்பவர். அதை வைத்து விலை பேசக் கூடாது. 1994-ல் ஆப்பிள் நிறுவனம் விற்ற குயிக்டேக் 100 கேமராவின் விலை 749 டாலர். நல்ல தரத்தில் எடுத்தால் அதில் 8 படங்கள்தான் சேமிக்க முடியும். இன்று அது அலமாரியில் வைக்கத்தான் அழகு.

மெகாபிக்சல் குறைவு என்று பயப்படவும் வேண்டாம். 4x6 அங்குல பிரிண்ட் போட 2 மெகாபிக்சலே போதும்.

கணக்கு எங்கே இடிக்கும்?

கேமராவின் விலை 4,000. பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு தனியாக வாங்க 2,000 ஆனால், உண்மையான விலை 6,000. மாணவியின் பட்ஜெட் அங்கேயே உடைந்துவிடும்.

கார்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அன்றைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் பலவற்றுக்கு எக்ஸ்.டி கார்டுதான் பொருந்தும். அது இப்போது தயாரிப்பில் இல்லை. எஸ்.டி கார்டு போடும் கேமராவாக இருந்தாலும், பழைய மாடல்கள் 2 ஜி.பி-க்கு மேற்பட்ட கார்டைப் பெரும்பாலும் ஏற்காது. சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் செலவு குறைவு. ரீசார்ஜ் செய்யும் செல் போட்டுக்கொள்ளலாம்.

10 நிமிட சோதனை

* பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது.
* லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சை தெரியக் கூடாது.
* பஸ் ஸ்டாண்டில் வரும் பஸ்ஸைப் படம் எடுங்கள். பட்டனை அழுத்திய பிறகு எவ்வளவு தாமதமாகப் பதிவாகிறது என்று தெரிந்துவிடும். தேர் மெதுவாகத்தான் அசையும். வடம் இழுப்பவர்களின் முகம் அப்படி நிற்காது.
* எடுத்த படங்களை கார்டு ரீடர் வழியாக போனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்தக் கடைசி சோதனை முக்கியம். 2002 முதல் 2004 வரை சோனி தயாரித்த சில சி.சி.டி சென்சார்களில் குறை இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான சூழலில் அவை பழுதாகி, படம் கறுத்துப்போகும் அல்லது கோடுகளோடு குழம்பித் தெரியும். கேனான், நிகான், ஃபியூஜி எனப் பல நிறுவனங்கள் அந்த சென்சாரைப் பயன்படுத்தியிருந்ததால், 2005-ல் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தன. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் 20 வருடம் கிடந்த கேமராவை, படம் எடுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

முடிவு என்ன?

எல்லாம் ஓடி, சார்ஜரும் கார்டும் சேர்த்தே தந்தால் 4,000 கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். தராவிட்டால் 3,000-க்கு மேல் போகக் கூடாது. படத்தில் கோடு விழுந்தால், இலவசமாகத் தந்தாலும் தேருக்கு உதவாது.

பஸ் ஏறும் முன் இன்னொரு வேலை... வீட்டு பீரோவின் அடித்தட்டைத் தேடிப் பாருங்கள். அப்பாவோ சித்தப்பாவோ கர்ச்சீப்பில் சுற்றி வைத்த கேமரா ஒன்று கிடைக்கலாம். அதற்குள் கார்டு இருந்தால், புதுப் படம் எடுக்கும் முன் பழைய படங்களை காப்பி செய்துவிடுங்கள். அதில் பாட்டி சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது!