உங்களுக்குத் தெரியுமா? ஒரு டிஸ்க், மூன்று இயங்குதளங்கள்

மைசூரு ஹெப்பாள் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியிலுள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி மையத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் வந்து கணினி வித்தை பயிலும் இளைஞர்களைப் போல, விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றோடும் பழக நேர்வோர், ஒரே வெளி ஹார்டு டிஸ்க்கை மூன்றுக்கும் பொதுவாக்க விரும்பினால், ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென ஒரு கோப்பு முறையை அனுஷ்டிப்பதை முதலில் அறிதல் அவசியம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதியை மாக் வாசிக்குமேயன்றித் தானாக அதில் எழுதாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 பகுதியை விண்டோஸும் மாக்கும் தாமாகத் திறப்பதில்லை. சர்வ சாதாரணமான ஃபேட்32-வோ 4 ஜிபி அளவுள்ள கோப்பை ஏற்காது.

ஆகவே, அந்தந்த இயங்குதளத்துக்குத் தனித்தனிப் பகுதி வகுத்தபின், பொதுப் பகுதிக்கு, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதும், அதன் விவரக்குறிப்பு 2019-இல் பகிரங்கமாக்கப்பட்டவுடன் லினக்ஸ் கெர்னலிலும் இடம்பெற்றதுமான எக்ஸ்ஃபேட் முறையே உத்தமம் என்பது என் துணிபு. ஆனால் எழுதுவதற்குமுன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏற்பாடு அதில் இல்லாமையால், முறைப்படி விடுவிக்காமல் கேபிளைப் பிடுங்கினால் கோப்புகள் சேதமுறக்கூடும். பகுதி பிரிக்குமுன்னும் அனைத்துக்கும் பிரதி எடுத்துவிட வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்காயின், பகுதிகளைப் பதிவுசெய்யும் பழைய எம்பிஆர் அட்டவணை பெரும்பாலும் போதாது, ஜிபிடியே வேண்டும்.