கலாசாலை ஒழுங்கு விதிகள்

ஆண்டுதோறும் கலாசாலை திறக்குங் காலத்துப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் சிற்றூர்களிலிருந்து மாணாக்கர் பலர் தந்தையரோடு வந்து சேர்கின்றனர். பருத்தியோ மக்காச்சோளமோ விற்ற பணத்தை மடியில் முடிந்து கொணரும் அத்தந்தையர், சம்பளங் கட்டியபின் தம்முன் நீட்டப்படும் தாளொன்றிற் கையொப்பமிடுகின்றனர். மகனும் இடுகின்றான். பெரும்பாலும் இருவரும் அதனை வாசிப்பதில்லை. அத்தாளிற் கண்டிருப்பது யாது, அதனால் மாணாக்கனுக்கு உண்டாகும் கட்டும் காப்பும் யாவை என்பவற்றைச் சிறிது விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

மாணாக்கர்க்கு விதி வகுத்தல் ஆங்கிலேயர் கொணர்ந்த வழக்கமென்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. இப்போதைய கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் திருமால் கோயிலொன்றும் அதனோடியைந்த சாலையொன்றும் நிறுவி, 95 சட்டர் ஆங்குப் பயில ஏற்பாடு செய்தான். சட்டராவார் அச்சாலையின் மாணாக்கர். அவன் அளித்த செப்பேட்டில், சேர்வோர்க்கு இருக்கவேண்டிய கல்வித் தகுதி சொல்லப்படுகின்றது. ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம் உண்டு. கூட்டத்திற்கு ஆயுதத்தோடு வரலாகாது. தங்கும் மடத்திற் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஹாஸ்டல் விதிகளாகிய இவற்றை வாசிக்கும்போது நகை தோன்றுகின்றது. இழித்துப் பேசினவரும் ஆயுதந் தாங்கி வந்தவரும் இல்லாதிருந்தால் இவ்விதிகளை எவர் எழுதியிருப்பர்?

நம் காலத்து விதிகளுள் தலையாயதும் அங்ஙனமே பிறந்தது. ஆனால் அதனை நினைக்கையில் நகை தோன்றுவதில்லை. அரியலூருக்கு அயல் ஜில்லாவாகிய கடலூரைச் சேர்ந்த சிதம்பரத்தில், 1996 நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வைத்தியக் கல்லூரி முதலாண்டு மாணாக்கர் பொன். நாவரசு கொலையுண்டார். அவர் தந்தையார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். தேசத்தையே நடுங்கச் செய்த அந்நிகழ்ச்சியின் பயனாக எழுந்ததே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997.

அச்சட்டம் ராகிங் என்பதற்குக் கூறும் இலக்கணத்தை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உடலை வருத்துதல் மட்டுமன்று. மனத்தை வருத்துதலும், அச்சமேனும் வெட்கமேனும் உண்டாக்குதலும், கேலி செய்தலும், ஒருவன் இயல்பாகத் தன் விருப்பத்தாற் செய்யாத ஒன்றைச் செய்யும்படி ஏவுதலும் அதனுள் அடங்கும். ஆகவே, "விளையாட்டாகச் செய்தோம்" என்னும் விடை குற்றத்தை ஒப்புக்கொள்வதாகுமேயன்றி அதற்குச் சமாதானமாகாது. தண்டனை இரண்டு ஆண்டு வரையிற் சிறையும் 10,000 ரூபாய் வரையில் அபராதமும் ஆகும்.

மேலே கூறிய தாள், பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த ஒழுங்குமுறைகளின்படி மாணாக்கரும் பெற்றோரும் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமாகும். ஆங்கிலத்திலேதான் இருக்கவேண்டுமென்பதில்லை, பிராந்திய மொழியிலும் அமையலாம். தமிழிற் கொடுக்க வழியிருந்தும், ஆங்கில எழுத்தறியாத தந்தையிடம் ஆங்கிலத் தாளை நீட்டுவது எனக்கு உடன்பாடன்று. வகுப்புக்கு வராதபடி நீக்கிவைத்தல், உபகாரச் சம்பளத்தை நிறுத்தல், பரீட்சை எழுதவொட்டாமற் செய்தல், ஹாஸ்டலினின்று வெளியேற்றல், ஒன்று முதல் நான்கு பருவம் வரையில் விலக்குதல், முற்றும் நீக்குதல் எனத் தண்டனைகள் பலவாக அவ்வொழுங்குமுறைகளிற் காணப்படுகின்றன. 2016-இற் செய்யப்பட்ட திருத்தம் சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த ஊர் முதலியன பற்றி ஒருவனை வருத்துதலையும் ராகிங் என்றே வெளிப்படையாகக் கூறிற்று. குற்றவாளி இன்னாரென்று தெரியாதவிடத்துக் கூட்டமாகத் தண்டிக்கவும் இடமுண்டு. இது கடுமையான விதியே. வாய்திறவாதாரைப் பேசவைக்கும் உபாயமாக இது வகுக்கப்பட்டதுபோலும்; எனினும் குற்றமற்றவனும் அதிற் சிக்கக்கூடும்.

இனி, குற்றஞ் சாட்டப்பட்ட மாணாக்கனுக்குக் காப்பு யாது? கோவலனை விசாரியாது கொன்ற பாண்டியன் கதையை அறியாத தமிழரில்லை. இங்கிலாந்திலும் இதனையொத்த வழக்கொன்று உண்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை, பேரறிஞராகிய பெண்ட்லி என்பாரின் பட்டங்களை அவர் வாய்மொழி கேளாமலே பறித்துவிட்டது. 1723-இல் நியாயாதிபதிகள் அதனைச் செல்லாதென்று தள்ளினர். அவருள் ஒருவர், கடவுளும் ஆதாமை வினவிய பின்னரே தண்டித்தார் என்று எடுத்துக்காட்டினார். வேதாகமம் பயின்றார்க்கு இவ்வேது மிகவும் இனியதாயிருக்கும்.

நம் நாட்டில், ஐக்கிய மாகாணமாயிருந்த உத்தரப் பிரதேசத்தின் பரீட்சைச் சபை, 1954-இல் மாணாக்கர் மூவரின் தேர்ச்சியைக் குற்றங் காட்டி நீக்கிற்று. அவர்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படாவிடினும், ஒருவனுடைய வாழ்வைப் பாதிக்கும் தண்டனைக்கு முன் அவன் சமாதானத்தைக் கேட்டே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆயினும், விசாரணை என்றவுடன் கோர்ட்டிற்போல் சாக்ஷிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாமென்று எண்ணற்க. ராஞ்சியின் இராஜேந்திர வைத்தியக் கல்லூரியில், பெண்கள் ஹாஸ்டலுள் இரவிற் புகுந்து தகாதன செய்ததாகச் சில மாணாக்கர்மேல் 36 மாணவிகள் முறையிட்டனர். விசாரணைக் குழுவினர் மாணவிகளைத் தனியே விசாரித்து, வேறு படங்களோடு கலந்த புகைப்படங்களைக் காட்டி அடையாளங் கேட்டனர். பின்னர் அம்மாணாக்கரை அழைத்துக் குற்றச்சாட்டை அறிவித்து விடை பெற்றனர். நேருக்கு நேர் நிறுத்தியிருந்தால் அப்பெண்கள் வெளியிற் செல்லவும் அஞ்சியிருப்பர். 1973-இல் சுப்ரீம் கோர்ட்டு இம்முறையை ஏற்றுக்கொண்டது. இவ்விரு தீர்ப்புக்களும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. குற்றம் இன்னதென்று அறிவித்தலும் விடை கூற இடமளித்தலும் எவ்விடத்தும் வேண்டப்படுவன. அவற்றைச் செய்யும் முறையோ சந்தர்ப்பத்திற்கேற்ப வேறுபடும்.

ராகிங் பற்றித் தலைவர் பிறப்பித்த கட்டளை தவறென்று கருதும் மாணாக்கன், தன் கலாசாலை சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கு முறையீடு செய்துகொள்ளலாம். இவ்விரு ஜில்லாக்களின் கலைக் கல்லூரிகட்கு அது திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம். வருத்தப்பட்டவனோ, ஓராண்டு கழிந்தபின் சொல்லலாமென்றிராது அன்றே எழுதிக் கொடுத்தல் நலம். தேதியும் இடமும் உடனிருந்தார் பெயரும் குறித்த முறையீடே விசாரணைக் குழுவினர்க்குப் பயன்படும்.