தலைப்பு அந்தாதியும் யப்பானியப் பாடல் தெரிவும்

அந்தாதித் தொடையை அறிந்தோர்க்கு யப்பானியரின் 'ஷிரிதொரி' விளையாட்டு முற்றிலும் அந்நியமன்று. ஒருவர் கூறும் சொல்லின் ஈற்றெழுத்தைக் கொண்டு மற்றவர் தம் சொல்லைத் தொடங்குதல் வேண்டும். 'ன்' என முடிப்பவர் தோற்பர். அம்மொழிக்குரிய சொல் எதுவும் அவ்வொலியில் தொடங்குவதில்லை. கரோக்கே அறையில் இதனை ஆடுவோர் சொல்லுக்குப் பதிலாகப் பாடலின் தலைப்பைத் தந்து, அப்பாடலைப் பாடியும் காட்டுவர்.

ஆகவே இங்கு பாடல் தெரிவை மொழியின் ஒலிமரபே பெரிதும் நிர்ணயிக்கின்றது. ஓர் உதாரணத்தை நோக்குவோம். இஷிகவா சயூரி 1977இல் பாடிய 'த்சுகரு கைக்கியோ ஃபுயுகெஷிகி' 'கி'யில் முடிகின்றது. சென் மசாஓ பாடிய 'கிதகுனி நோ ஹரு' (1977) அதனைத் தொடரலாம். ஆனால் அது அடுத்தவரை 'ரு'வில் நிறுத்திவிடுகின்றது. ரகரம் மொழிக்கு முதலாகாமை தமிழுக்கும் பண்டை யப்பானியத்துக்கும் பொதுவான இயல்பு. அம்மொழியில் இன்று ரகர வரிசையில் தொடங்கும் சொற்கள் பெரும்பாலும் சீனத்திலிருந்தும் மேலை மொழிகளிலிருந்தும் வந்தவையே. எனவே தெராஓ அகிராவின் 'ரூபீ நோ யுபிவா' (1981) கைகொடுக்கின்றது. 'ரூபீ' மாணிக்கத்தைக் குறிக்கும் ஆங்கில இரவற்சொல்.

யப்பானில் மிக அதிகமாக விற்பனையான தனிப்பாடல் இசைத்தட்டு, 1975இல் வெளிவந்த 'ஓயோகே! தையாகி-குன்' என்னும் சிறுவர் பாடலாகும். ஈறு 'ன்' ஆதலின் அதனைத் தெரிந்தவர் அக்கணமே தோற்பார். விற்பனைக் கணக்கு செல்லாத ஓரிடம் இருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

நெட்டுயிர் ஈறு மட்டும் பிணக்குக்குரியது. சகமோத்தோ கியூவின் 'உஎ ஓ முயிதே அருகோ' (1961) செவிக்கு 'ஓ'வில் முடியினும் எழுத்தில் 'உ'வில் முடிகின்றது. எதனைக் கொள்வது என்பதை ஆடுவோர் முன்னரே பேசி முடிவு செய்துகொள்வர்.