முள்சீத்தா: 10,000 மடங்கின் கணக்கு

‘கீமோதெரபியைவிட 10,000 மடங்கு வலிமை.’ முள்சீத்தாப் பழத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த எண் 1996இல் பிறந்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த சிஸ்-அன்னோனாசின் என்ற சேர்மம், ஹெச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுச் செல்களில் அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. சோதித்தது கண்ணாடிக் கலத்தில். எடுத்தது விதையிலிருந்து. நாம் தின்பதோ சதை.

அந்தச் சதையில் 1 கிலோ எடுத்தால் தண்ணீர் சுமார் 810 கிராம், சர்க்கரை 135 கிராம், நார் 33 கிராம், வைட்டமின் சி 200 மில்லிகிராம். நீர் கலந்த மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஆவியாக்கினால் மிஞ்சும் பிசுபிசுப்பான சாரத்தில் பெரும்பங்கு சர்க்கரைதான்.

இந்தச் சாரத்தில் செய்யும் முதல் சோதனைக்கு, அதில் பயன்படும் டிபிபிஹெச் என்ற நிறப்பொருளின் பெயர். எதிர்-ஆக்சிஜனேற்றி பட்டால் அதன் ஊதா நிறம் வெளுத்து மஞ்சளாகும். அரைமணி நேரம் இருட்டில் வைத்து 517 நானோமீட்டரில் அளப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இந்த நிறப்பொருளை 1 கிராம் வாங்கினால் 0.1 மில்லிமோலார் கரைசல் 25 லிட்டர் வரும். குழாய்க்கு 3 மி.லி. வீதம் 8,300க்கு மேற்பட்ட குழாய்கள். நிறப்பொருளுக்கு மட்டும் குழாய்க்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. மாணவர் ஆய்வேடுகளில் இந்தச் சோதனை நிறைந்து கிடப்பதற்கு இந்த மலிவும் ஒரு காரணம். ஆனால் வெறும் 1 மி.கி. வைட்டமின் சி 100 மி.லி.க்கு மேற்பட்ட கரைசலை வெளுக்கச் செய்துவிடும். 100 கிராம் சதையிலுள்ள 20 மி.கி.க்கு 2 லிட்டருக்கு மேல் வெளுக்கும். வைட்டமின் சி உள்ள எந்தப் பழத்தைப் போட்டாலும் நிறம் மாறும் என்பதால், மாறியதை ஒரு கண்டுபிடிப்பாகச் சொல்ல முடியாது.

அடுத்தது 1983இல் வந்த எம்டிடி சோதனை. 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 புற்றுச் செல் விட்டால் தட்டுக்கு 4,80,000 செல்கள். சாரத்தோடு 48 அல்லது 72 மணி நேரம் வைத்தபின் மஞ்சள் எம்டிடியைச் சேர்த்தால், உயிரோடிருக்கும் செல்கள் அதை ஊதாப் படிகமாக்கும். இங்கே சாயம் பெரிய செலவில்லை. 37 டிகிரி வெப்பத்தில், 5 விழுக்காடு கரியமில வாயுவில் செல்களை விடாமல் வளர்ப்பதில்தான் பணம் கரைகிறது. கன்றுச் சீரம் 500 மி.லி. புட்டி பல்லாயிரம் ரூபாய். அதனால் சிக்கனம் பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன: நோயற்ற செல்களில் செய்யவேண்டிய ஒப்பீடும், செல்லே இல்லாத குழிகளும். இவை விடக்கூடாதவை. பாலிஃபீனால்களும் வைட்டமின் சி-யும் செல் இல்லாமலேயே எம்டிடியை ஊதாவாக்கும். வளர்ப்பு ஊடகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிச் செல்களைக் கொல்லவும் செய்யும். அப்படிச் செத்த செல்லுக்குப் பழத்தின் மருத்துவ குணம் காரணமாகாது.

செல்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கத் தேவையான செறிவு ஐசி50. சாரமானால் மி.லி.க்கு 20 மைக்ரோகிராமுக்குள், தூய சேர்மமானால் 4க்குள் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அளவுகோலாகப் பரவலாக எடுத்தாளப்படுகிறது. 200 வந்த சாரத்துக்கும் ‘புற்றெதிர்ப்பு ஆற்றல்’ என்று தலைப்பிடுவது நியாயமே இல்லை. 5 லிட்டர் ரத்தத்தில் 200 என்ற செறிவு வர, 1 கிராம் சாரம் முழுதாக ரத்தத்தில் ஏறி, கல்லீரலும் சிறுநீரகமும் தொடாமல் இரண்டு நாள் அங்கேயே நிற்கவேண்டும்.

கணக்கின் மறுபக்கம் நஞ்சு. முள்சீத்தாவின் முக்கியச் சேர்மமான அன்னோனாசின், செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்துக் கொல்கிறது. நரம்புச் செல்லையும் விடாது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீட்டின்படி ஒரு பழத்தில் சராசரி 15 மி.கி., ஒரு டப்பா பானத்தில் 36 மி.கி. தினம் ஒரு பழம் என்றால் ஆண்டுக்கு 5,475 மி.கி. எலிகளின் ரத்தத்தில் செலுத்தியபோது மூளையைச் சிதைத்த அளவுக்கு இது ஈடு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கரீபியத் தீவான குவாதலூப்பில் 1999இல் ஆராய்ந்த 87 நடுக்குவாத நோயாளிகளில் 22 பேருக்கே வழக்கமான பார்க்கின்சன் இருந்தது. மற்றவர்களின் நோயோடு முள்சீத்தா உணவுக்குத் தொடர்பு தெரிந்தது. பழமே காரணமென்று இன்னும் நிறுவப்படவில்லை.

எதிர்-ஆக்சிஜனேற்றியை மனிதரிடமே சோதித்த கணக்கும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையில், தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியதாக 1994இல் தெரியவந்தது.

தாவரத்திலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 1,14,000 தாவரச் சாரங்களைச் சோதித்தது. அந்த முயற்சியில் கிடைத்ததுதான் டாக்சால். பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். 12 கிலோ உலர்பட்டையிலிருந்து கிடைத்தது அரை கிராம். வேதியமைப்பு 1971இல் வெளியானது, செல்லில் அது செயல்படும் விதம் 1979இல் தெரிந்தது, மருந்தாக அனுமதி 1992இல் கிடைத்தது. முப்பது ஆண்டு உழைப்பு அது. முள்சீத்தா மனிதரின் புற்றைக் குணமாக்கியதாக நிறுவிய மருத்துவச் சோதனை ஒன்றுகூட இல்லை.

சிகிச்சையில் இருப்பவரின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: இலைக் கஷாயம், மாத்திரை, தினசரிச் சாறு எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதை நம்பி கீமோ தேதியை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.